இடது கன்னத்து மூடுபனி

மாப்பிள்ளை,

போன வாரம் என் மூக்குக் கண்ணாடியின் காது கழன்றுவிட்டது. எறும்பின் கண் அளவுக்கு ஒரு திருகாணி வேண்டும். அதைத் தேடி மேஜை இழுப்பறையை அப்படியே கட்டிலில் கவிழ்த்தேன். விழுந்த சாமான்களைக் கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தையில் தனியாக ஒரு வரிசையே கடை போடலாம். கண்டக்டர் விசில், துருப்பிடித்த நகவெட்டி, எந்தப் பூட்டுக்கும் சேராத பதினேழு சாவிகள். அவற்றுக்கு நடுவே உங்கள் வெள்ளை வர்ண டியூப் கிடந்தது. வால்பக்கம் சுருட்டி, பாதி பிதுக்கியது.

மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். வாயில் மிச்சமிருப்பவற்றுள் தலைசிறந்த பல் ஒன்று அந்தப் போரில் ஆட்டம் கண்டது. உள்ளே வெள்ளை கல்லாக இறுகியிருந்தது. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஒரு அரிசி அளவுக்கு வெள்ளை வந்தது. கூடவே பிசின் வாசனையும் வந்தது. அந்த வாசனையின் பின்னால் நீங்கள் வந்து, காதில் பென்சிலைச் செருகியபடி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

உங்கள் மகள் போன் செய்து அப்போது நான்கு நாள் ஆகியிருந்தது. மலையில் இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாளாம். சுவரில் இருக்கும் அம்மா படத்தை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் போகிறாளாம். "கன்னத்துல அந்தப் பனி பிடிச்ச எடத்த மட்டும் சரி பண்ணோணுமுங்க மாமா. உங்களுக்குத்தான் படமெல்லாம் தெரியுமே. ஒருநா வந்து பாருங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான்கு நாளாக எனக்கு மூட்டுவலி, வயிற்றுவலி, தலைவலி என்று மருத்துவ நூலில் உள்ள அத்தனையும் வந்துகொண்டிருந்தன. டியூபைப் பார்த்ததும் எல்லா வலியும் நின்றுபோய், உண்மையான ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

உங்களிடம் நான் ஒரு நாளும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் நீங்கள் கேட்கவில்லை என்ற வசதியில் இருந்துவிட்டேன்.

மலை பஸ்ஸில் நான் கண்டக்டராகக் கோலோச்சிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் என் விசிலுக்குப் பயந்துதான் வளைந்து நின்றன என்று பயணிகளிடம் சொல்லுவேன். உங்கள் சின்னத் தபால் ஆபீசுக்கான பையை ஜன்னல் வழியாக உங்கள் கையில் ஒப்படைக்கும் தூதுவனும் நானே. பை வருவதற்கும் போவதற்கும் நடுவில் உங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஆபீசுக்கு வந்து பிரித்துப் போட்ட பழைய காக்கிக் கவர்களைக் கிழித்து, விரித்து, உட்புறத்தில் வாட்டர் கலரால் வரைந்துகொண்டிருப்பீர்கள். மிளகுக் கொடி ஏறிய மரம். பலாப்பழம் சுமந்து போகும் ஆள். பனியில் பாதி கரைந்த ரோடு.

வெள்ளைத் தாளில் வரைந்தால் பளபளவென்று இருக்குமே என்று முதன்முதலில் கேட்டது நான்தான்.

"வெள்ளத் தாளு ஆரம்பத்துலயே கத்துதுங்க மச்சான். இது அமைதியா இருக்குது" என்றீர்கள். அப்போதே மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தீர்கள். நான் இன்னும் என் தங்கையை உங்களுக்குக் கொடுக்கவில்லை.

காக்கித் தாளில் வாட்டர் கலர் ஊறிக் காணாமல் போகும், ஒவ்வொரு வர்ணத்திலும் ஒரு துளி வெள்ளை சேர்த்தால்தான் அது எழுந்து உட்காரும் என்று காட்டினீர்கள். போஸ்டர் கலரில் வரைந்ததுபோல் கெட்டியாக, கனமாக வந்தது. ஆனால் அந்த வெள்ளையை நீங்கள் தொட்ட விதம், கருமி தன் வீட்டு நெய்யைத் தொடுகிற மாதிரி. பலாப்பழத்தின் முதுகில் ஒரு புள்ளி. ஈரமான இலையின் ஓரத்தில் ஒரு கோடு. மற்றபடி பாதிப் படத்துக்கு மேல் வெறும் காக்கித் தாளே தெரியும். ரோட்டுக்கு நீங்கள் மண் வர்ணம் பூசவே இல்லை. தாள்தான் மண்.

"சம்பளம் முழுசா வாங்கிட்டு வேலையப் பாதிதான் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"தாளுக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டுமுங்க" என்றீர்கள்.

பஸ்ஸுக்குத் திரும்பி, அந்த வசனத்தை ஒரு பெரிய ஓவிய மேதை என் காதில் சொன்னதாக எல்லாரிடமும் சொன்னேன். அர்த்தம் மட்டும் எனக்குப் புரியவில்லை. புரியாததை ஊரெல்லாம் சொல்லித் திரிவது எனக்குக் கைவந்த கலை.

இனி என் தங்கை. அவளைப் பற்றி உங்களுக்கு நான் எழுதுவது அபத்தம். ஆனாலும் அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதை வரிசையாக வைத்தால்தான் மற்றது விளங்கும்.

அவள் நல்ல கருப்பு. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்குக் 'கரிச்சான்' என்று பெயர் வைத்து, அதை ஊர்ப் பெயராக ஆக்கியவன் நான். கரண்ட் போனால் அவளைச் சிரிக்கச் சொல்லிப் பல்லை வைத்துத்தான் கண்டுபிடிப்போம் என்பேன். அவள் நிழல் அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது என்பேன். ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பவளுக்கு வலிக்காது என்று நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் கல்யாணத்தன்று போட்டோ எடுப்பவர் வெளிச்சம் போதவில்லை என்றார். நான் மணமேடையில் ஏறி நின்று, "ஏனுங்க, இன்னும் நாலு லைட்டு தூக்கிட்டு வாங்க, பொண்ணு எங்க ஒக்காந்திருக்குதுன்னே தெரியல" என்றேன். பந்தல் குலுங்கியது. அவள் குனிந்து மாலையைச் சரிசெய்தாள். நீங்கள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தீர்கள். இந்த மனுஷனுக்கு நகைச்சுவை உணர்வு கம்மி என்று முடிவு கட்டி, அதையும் நாலு பேரிடம் சொன்னேன்.

அவள் இறந்துபோன பதினாறாம் நாளுக்காக, நாமக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் அவள் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்தவனும் நானே. ஸ்டுடியோக்காரர் தன் கம்ப்யூட்டரில் அவளை அப்படியே கழுவி எடுத்திருந்தார். பவுடர் டப்பா மேல் அச்சடித்த பெண் மாதிரி இருந்தாள். "தங்கச்சி மேலோகத்துல எப்படி வெளுத்துட்டா பாருங்க" என்று நான் கண்ணீரோடு சொன்னேன். நிஜமாகவே அழுதேன், அதை நம்புங்கள். நீங்கள் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

"இந்தம்மா ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க மச்சான்."

அதற்குப் பிறகுதான் தாள் தேட ஆரம்பித்தீர்கள். அவளை வரைய வேண்டும். அவள் முகத்துக்கு வர்ணம் பூசக்கூடாது. அவள் நிறத்திலேயே தாள் வேண்டும். ஆபீஸ் கவர் வெளுப்பு. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் மஞ்சள். சிமெண்ட் மூட்டைத் தாள் சாம்பல். ஒவ்வொன்றையும் உங்கள் முன்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். "என்ற கையக் காட்டிலும் ஒரு பிடி கூடோணுமுங்க. உள்ளுக்குள்ள கொஞ்சம் செவப்பு ஓடோணும்" என்பீர்கள்.

ஏழெட்டு மாதம் தேடினீர்கள். அந்தத் தேடலில் நானும் உங்களோடு சுற்றினேன். கடைசியில் பேளுக்குறிச்சிச் சந்தையில், பாத்திரக்கடைக்காரர் அலுமினியப் பானைகளை அடுக்கிவந்த பெட்டிக்குள் விரித்திருந்த கெட்டித் தாள். நீங்கள் குனிந்து அதன் ஓரத்தை முன்கையில் வைத்துப் பார்த்தீர்கள். உங்கள் கையைவிட ஒரு பிடி கூடியிருந்தது, உள்ளே சிவப்பும் ஓடியது.

கடைக்காரர் கேட்டார்: "ஏனுங்க, பானை வேண்டாமுங்களா? அடியில கெடக்கற அட்டைதான் வேணுமுங்களா?"

"இவுரு கை பட்டா அந்த அட்டைய டெல்லிக்காரன் வந்து கண்ணாடிப் பொட்டில வெச்சுக் கொண்டுபோவான், நீங்க பாருங்க" என்றேன் நான்.

"அப்படீன்னா பானையவும் சேத்து வாங்கிக்கச் சொல்லுங்க, அதையும் கொண்டுபோவட்டும்" என்றார் அவர்.

நீங்கள் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு தாளைக் கேட்டுப் பெற்றீர்கள். ஒரே ஒரு தாள். மற்றவையெல்லாம் ஈரம் பட்டும் கிழிந்தும் கிடந்தன. எழுபது வளைவும் அதை என் மடியில் படுக்க வைத்து, பிறந்த குழந்தையைக் கொண்டுபோவதுபோல் கொண்டுவந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் அதன் மேல் வெற்றிலைப்பையை வைக்கப்போனபோது நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்தார். அது ஒன்றுதான் அந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம்.

முதல் வருஷத் திதிக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். நீங்கள் வாழையிலை அறுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தீர்கள். பின்னறையில், பலகையில் ஒட்டிய தாள் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் பிரஷ்கள், தண்ணீர்க் குவளை, இந்த வெள்ளை டியூப்.

முடியை வரைந்திருந்தீர்கள். கரும்பச்சைச் சேலை, வெள்ளை கலந்து கெட்டியாக, தொட்டால் மடிப்பு கையில் தட்டும்போல. மூக்குத்தியில் ஒரு புள்ளி. கீழுதட்டில் ஒரு கோடு. நெற்றியோரம் வெளிச்சம் பட்டதற்கு இரண்டு இழுப்பு. கண்ணுக்கடியில் கொஞ்சம் நிழல். முகத்தில் மற்ற இடமெல்லாம் வெறும் தாள்.

முகத்தை முடிக்க உங்களுக்கு மனம் வரவில்லை என்று நினைத்தேன். அழுதுகொண்டே பாதியில் வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். நாளைக்குச் சொந்தபந்தமெல்லாம் வரும், என் தங்கை பாதி முகத்தோடு உட்கார்ந்திருக்கக்கூடாது என்று நினைத்தேன். இவ்வளவும் பாசம்தான். அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பாசத்துக்குப் பின்னால் இன்னொருவனும் நின்றான்: 'மச்சான்தானுங்க முகத்த முடிச்சாரு' என்று நீங்கள் சபையில் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டவன்.

டியூபைப் பிதுக்கினேன். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, மீதியெல்லாம் வெள்ளை. கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் லட்சுமிக்கு என்ன நிறமோ அந்த நிறம். நெற்றியிலிருந்து தாடை வரை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடித்தேன். வாழ்நாளெல்லாம் அவள் கருப்பைச் சொல்லிச் சிரித்தவன், கடைசியில் அவளுக்கு ஒரு சன்மானம் தருவதுபோல் அவளைச் சிவப்பாக்கினேன். அப்படி ஒரு சன்மானத்தை அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

நீங்கள் இலைக்கட்டோடு வந்தீர்கள். நான் பாராட்டுக்குத் தயாராக, அடக்கமாக நிற்கும் ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து நின்றேன். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள். பிறகு பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தீர்கள், தொலைந்த பொருளைத் தேடுகிறவர் மாதிரி.

"அவ எங்கீங்க மச்சான்?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். இலைக்கட்டைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தீர்கள். அந்த நேரத்தில்தான், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தாளுக்கு என்ன வேலை கொடுத்திருந்தீர்கள் என்று எனக்குப் புரிந்தது.

சுத்தமான பிரஷை ஈரமாக்கி, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தீர்கள். நெற்றி வந்தது. வலது கன்னம் வந்தது. மூக்கு வந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். இடது கன்னத்தில் நான் கட்டியாக அப்பியிருந்தேன். அங்கே தேய்த்தபோது தாளின் தோல் உரிந்தது. நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். அந்தத் தாள் ஒன்றுதான் இருந்தது.

திட்டியிருக்கலாம் மாப்பிள்ளை. என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். "சாப்புட்டீங்களா?" என்று கேட்டீர்கள்.

மறுநாள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். என் சின்னம்மா கேட்டாள்: "ஏஞ்சாமி, கன்னத்துல என்னது வெளுத்துப் போயிருக்குது?" நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "மூடுபனிங்க அத்தை. ஈரம் புடிச்சுக்கிச்சு."

அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். எதற்கு என்றால், உங்கள் பொய்க்கு மாடி கட்டுவதற்கு. "அன்னிக்கு வந்த பனிய நீங்க பாக்கோணுமே. சாவி ஓட்டை வழியா உள்ள வந்து கட்டல்ல படுத்துக்கிச்சு. கோழி முட்டையெல்லாம் கூழாங்கல்லு மாதிரி உறைஞ்சுபோச்சு. மாப்பிள்ளையோட மீசையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணி புழிஞ்சோம்" என்றேன். திதி வீடு என்றும் பாராமல் சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். கல்யாண மேடையில் பார்த்த அதே பார்வை. எனக்கு நகைச்சுவை உணர்வு எவ்வளவு என்பதை அப்போது அளந்துகொண்டேன்.

அத்தோடு விட்டேனா? ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பனிக் கதையை யாராவது கேட்பார்கள். நானும் சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் பனி ஒரு அடி உயர்ந்தது. போன வருஷம் அது கூரை வரைக்கும் வந்திருந்தது.

அன்று திதி முடிந்து நான் பஸ் ஏறும்போது இந்த டியூபை என் சட்டைப்பையில் வைத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க மச்சான்" என்றீர்கள். கிண்டலா, தண்டனையா, இனி இந்த வீட்டில் வெள்ளை வேண்டாம் என்றா? கேட்கத் தைரியமில்லை. அதன் பிறகு நீங்கள் வரைந்து நான் பார்க்கவில்லை. கேட்டால், கண் சரியில்லை என்பீர்கள். போன மழைக்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். உங்களைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அப்போதும் அவள் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அந்தக் கன்னத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். டியூப் சட்டைப்பையில் இருந்தது. வீட்டில் சாமான்களையெல்லாம் நடுவில் குவித்து, சாரம் கட்டி, ஒருவர் மேலே நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். படம் கட்டிலின் மேல், துண்டு போர்த்திக் கிடந்தது.

"ஸ்டுடியோல கேட்டுட்டேனுங்க மாமா" என்றாள் உங்கள் மகள். "ஸ்கேன் பண்ணிப் புதுசா ஒண்ணு எடுத்துத் தாரேங்கறாங்க. அந்தக் கன்னத்தக் கருப்பாக்கறதவிட, மத்த மொகத்த அதுக்குத் தக்கன வெளுப்பாக்கறது சுலபமாமுங்க. பளிச்சுன்னு வரும்னாங்க. என்ன சொல்றீங்க?"

நான் பேசாமல் இருந்தால் போதும், மாப்பிள்ளை. பனிக் கதை பத்திரமாக இருக்கும். என் தங்கை மட்டும் மூன்றாவது தடவையும் கழுவப்படுவாள். உங்கள் தாளை அறிந்தவர் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

"கண்ணு, அது பனியில்ல" என்றேன்.

சொன்னேன். பானைக்கடை, தாள், வாழையிலை, சுண்ணாம்பு மாதிரி அடித்தது, நீங்கள் கேட்ட கேள்வி. கல்யாண மேடையில் சொன்னதையும் சொன்னேன். உங்கள் மகள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலில் தெரிந்த மிளகுக் கொடியைப் பார்த்துச் சொன்னேன்.

கட்டிலோரம் உட்கார்ந்தாள். "சின்னப்புள்ளையிலிருந்து நானும் அந்தப் பனிக் கதைக்குச் சிரிச்சிருக்கறேனுங்களே மாமா. அப்பா பக்கத்துல ஒக்காந்துக்கிட்டே சிரிச்சிருக்கறேன்."



துண்டை எடுத்துப் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தன் முன்கையைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் கை மாதிரியே வைத்தாள். அவள் நிறமும் தாளின் நிறமும் ஒன்றாக இருந்தன. எங்கே கை முடிகிறது, எங்கே என் தங்கை தொடங்குகிறாள் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை.

"ஸ்டுடியோ வேண்டாமுங்க. இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"வாரவங்க கேப்பாங்களே கண்ணு."

"கேட்டா உங்களக் கூப்படறேன். நீங்களே வந்து சொல்லுங்க. பனி இல்லாமச் சொல்லுங்க."

கோபமா என்று கேட்கவில்லை. கோபம்தான். காப்பி கொடுத்தாள், ஆனால் வழக்கம்போல் பக்கத்தில் உட்காரவில்லை. நான் டியூபை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டு, "அது அப்பா உங்களுக்குக் குடுத்ததுங்களே" என்று சொல்லி உள்ளே போனாள். மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. நெஞ்சுக்கு நேரே ஒரு கூழாங்கல் மாதிரி உறுத்துகிறது.

நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, சாரத்தில் நின்றவர் கீழே இறங்கினார். கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"அம்மா நல்லா லட்சணமா இருக்கறாங்க. கன்னத்துல மட்டும் என்னங்க அது, திட்டா?"

உங்கள் மகள் உள்ளறைக் கதவில் வந்து நின்றாள். கூரைவரை உயர்ந்த பனி என் நாக்கு நுனிக்கு வந்தது. கோழிமுட்டைகள் வந்தன. உங்கள் மீசை வந்தது.

"நாந்தானுங்க பூசுனேன். தப்பாப் பூசிப்போட்டேன்" என்றேன்.

அதற்கு மேல் ஒரு துளியும் சேர்க்கவில்லை, மாப்பிள்ளை.